எழுபத்திரண்டு பல்புகளும் ஓர் ஆணியும்

அருங்காட்சியகத்தின் மூன்றாவது கூடத்துக்குள் நுழைந்தால் எதிரே ஒரு சுவர் முழுக்க உலகப் படம். இருபத்திரண்டு அடி நீளம். கடலுக்கு வெளிர் நீலம், நிலத்துக்கு மண் நிறம், அவ்வளவுதான். நாடுகளுக்கு எல்லைக்கோடு ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் கோடு போட யார் இருந்தார்கள்? படத்துக்குக் கீழே ஒரு பச்சைப் பொத்தான். அதை அழுத்தினால் ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன பல்பு எரியும். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. நான்கு நிமிடத்தில் எழுபத்திரண்டு பல்புகளும் ஒவ்வொன்றாக எரிந்து, மனிதக் கூட்டம் உலகம் பூராவும் பரவிய கதை முடிந்துவிடும்.

இந்தப் பல்புகளுக்குப் பொறுப்பானவரைத்தான் எல்லோரும் பல்பண்ணன் என்று கூப்பிட்டார்கள். பதிவேட்டில் அவர் மின்பணியாளர். பல்பு வாங்குவதென்றால் ஊரில் வேறு அர்த்தம் உண்டு, அதை வைத்து அவரைக் கிண்டல் செய்யாத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை. நிஜமாகவே மாதம் இரண்டு டஜன் பல்பு வாங்குகிற மனிதரை இதற்கு மேல் என்ன கிண்டல் செய்துவிட முடியும்?

சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்குச் சந்து. அதற்குள்தான் அவருடைய ராஜ்ஜியம். ஒரு மர உருளை, அதன் மேல் வரிசையாகச் செப்புத் தகடுகள், உருளையைச் சுற்றிவிட ஒரு சின்ன டி.சி. மோட்டார். உருளை சுற்றச் சுற்றத் தகடுகள் ஒவ்வொரு வயராகத் தொடும். தொட்ட பல்பு எரியும், எரிந்தது அணையாமல் நிற்கும். எந்தப் பல்பு எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கு அத்துப்படி. ஐம்பத்தெட்டாவது பல்பு ஓர் அற்பாயுசு. அதை மட்டும் ஒன்பது தடவை மாற்றியிருக்கிறார்.

இருபத்தாறு வருடமாக இதே வேலை. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் காலப்போக்கில் அவர் தலையிலேயே விழுந்துவிட்டது. மனிதர்கள் ஏன் ஊர்விட்டு ஊர் போனார்கள், எப்படிக் கடல் கடந்தார்கள் என்று மூச்சு விடாமல் சொல்வார். சொல்லி முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போவார். மனுஷன் வெளியூரில் ராத்தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்கும் ஒரு கை போதும்.

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் அப்பா ரோடு ரோலர் ஓட்டியவர். ஒரு சாலை போட்டு முடிந்தால் குடும்பம் அடுத்த சாலைக்குக் கிளம்பியாக வேண்டும். பத்து வயதுக்குள் பதினோரு வீடு. பள்ளிக்கூடமும் அப்படித்தான், எட்டாம் வாய்ப்பாட்டை மூன்று பள்ளிகளில் மூன்று முறை படித்தார், ஏழாம் வாய்ப்பாடு நடந்த நாட்களில் எப்போதும் எங்கேயோ லாரியில் இருந்தார். இன்றைக்கும் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் எட்டேழு எவ்வளவு என்று மனதுக்குள் திருப்பிப் போட்டுத்தான் சொல்வார்.

புது வீட்டுக்குப் போனதும் அவர் அம்மா செய்கிற முதல் வேலை சுவரில் ஓர் ஆணி அடிப்பது. மூன்று அங்குல இரும்பாணி. அதில் கடிகாரத்தை மாட்டுவார். கடிகாரம் ஏறிய பிறகுதான் அடுப்பு, பாய், மற்றதெல்லாம். காலி செய்கிற அன்று கடைசி வேலையும் அதே ஆணிதான். பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி, முந்தானையில் முடிந்துகொள்வார். பதினோராவது வீட்டில் அந்த ஆணி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற பையன், பெரியவனானால் ஒரே வீடு, ஒரே சுவர் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டுவிட்டான்.

சபதத்தைக் காப்பாற்றியும் விட்டார். கல்யாணம் ஆகி இரண்டு அறை வீடு ஒன்றுக்குக் குடிபோனபோது அம்மா கொடுத்த அதே ஆணியைச் சுவரில் அடித்தார். அடித்த அடியில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "இது இனிமே அசையாது" என்று பல்பண்ணன் பெண்டாட்டியிடம் சொன்னார். இருபத்திரண்டு வருடம் ஆகிறது, அசையவில்லை.

இப்போது அந்தப் பெண்டாட்டியால்தான் வம்பு.

அவர் மனைவி பல் செட் செய்கிறவர். அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, பல் செட் செய்கிற ஒரு கூடத்தின் பின்னறையில், டியூப் லைட்டுக்குக் கீழே, மெழுகிலும் பிளாஸ்டரிலும் ஊர்க்காரர்களின் வாயை அச்செடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கைராசிக்காரி என்று டாக்டர்களே சொல்வார்கள். ஆனால் தலைமைப் பொறுப்பு காலியானபோது முதலாளி தன் அண்ணன் மகனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் வித்தியாசம் தெரியாத அந்தப் பிள்ளை, இவர் செய்த பல்லைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பரவால்ல" என்று சொல்லும். அந்த ஒரு சொல் போதும், அன்றைக்கு ராத்திரி இவருக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்று மாதம் முன்பு பழைய தோழி ஒருத்தி கடல் தாண்டிய நாட்டிலிருந்து எழுதினாள். அங்கே அவள் சொந்தமாகக் கூடம் வைத்திருக்கிறாள். ஆறு பேருக்குத் தலைமையாக இருக்க ஆள் வேண்டும். வீட்டுக்காரரையும் அழைத்து வரலாம். படிவம் இந்த வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

மூன்று மாதமும் பல்பண்ணன் பிடித்த பிடியில் நின்றார். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில், "அப்பாவைத் தூக்கிப் பெட்டிக்குள்ள போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடும்மா, துளை மட்டும் போட்டுடு, மூச்சு விடணும்ல" என்று சிரித்தாள். அதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. புதன்கிழமை இரவு மனைவி சாதாரணக் குரலில், கோபம்கூட இல்லாமல், சொன்னார்.

"சரி. நான் மட்டும் போறேன்."

இத்தனை நாள் சண்டையில் அந்தச் சொல் வந்ததில்லை. பல்பண்ணன் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "போ" என்றாவது சொல்லியிருக்கலாம். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். தூக்கம் மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, சாப்பாட்டு டப்பாவைக்கூட மறந்துவிட்டு வேலைக்கு வந்தார். மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. கழற்றி, புதுசு போட்டு, இரண்டு வயரையும் திருப்பி முடுக்கினார். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனம் முழுக்க அந்த ஒற்றை வாக்கியம். முடுக்கிய பிறகு ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக.

பதினோரு மணிக்கு ஒரு சுற்றுலா பஸ் வந்தது. முப்பது பேர் கூடத்துக்குள் நிறைந்துவிட்டார்கள். பல்பண்ணன் ஓரமாக நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார். யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

எழுபத்திரண்டு பல்பும் ஒரே சமயத்தில் எரிந்தன.

கூட்டம் "ஆகா" என்றது. என்ன நடந்தது என்று பல்பண்ணனுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது: இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. முதலில் பெருங்கடலில் சிதறிய தீவுகளின் பல்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்புறம் அமெரிக்காவின் தென்கோடி. ஆயிரக்கணக்கான வருடம் நடந்து போனவர்களெல்லாம் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். வட அமெரிக்கா இருண்டது, அதை ஆசியாவோடு சேர்த்த தரைப்பாலம் இருண்டது, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்திருக்கலாம். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். கடைசியில் அவ்வளவு பெரிய சுவரில் ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு பல்பு மட்டும் எரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

கூட்டம் கை தட்டியது. வாசல் காவலர், "புதுசா இருக்கே அண்ணே, யோசிச்சுத்தான் பண்ணியிருக்கீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். முப்பது பேரும் திருப்தியாக அடுத்த கூடத்துக்கு நகர்ந்தார்கள். இப்படித்தான் உலகம், சரியாக ஓடிய நாட்களில் ஒருத்தரும் கை தட்டியதில்லை.

கூட்டம் விலகியதும் பின்னால் மனைவி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா, தோளில் பை. மூக்கு நுனி சிவந்திருந்தது.

"இதைச் சொல்றதுக்குச் சுவரு தேவைப்பட்டுச்சா?" என்றார்.

"எதை?"

"போனவங்க எல்லாரும் திரும்பி வந்து ஒரே இடத்துல உக்காரணும்னு. அதைத்தானே காட்டினீங்க? வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

"ஐயோ, இல்லம்மா. வயர் மாறிப்போச்சு."

"உங்களுக்கா?"

"ஆமா."

"இருபத்தாறு வருஷத்துல ஒரு வயர் மாத்திக் குடுக்காத ஆளு, இன்னைக்குன்னு பாத்து மாத்திக் குடுத்தீங்களாக்கும். நம்பிட்டேன்."

உண்மையைச் சொல்லி அது பொய்யாகத் தெரிகிற நிலைமை மாதிரி ஒரு கொடுமை கிடையாது. பல்பண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. "ரெண்டே நிமிஷம் நில்லு" என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டுச் சந்துக்குள் புகுந்தார். சிவப்பையும் கறுப்பையும் கழற்றி மாற்றினார். உருளையை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். வெளியே வரும்முன் என்ன தோன்றியதோ, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மோட்டார்ப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் எழுதினார்: சிவப்பு மேலே, கறுப்பு கீழே. இத்தனை வருடமும் அவர் அங்கே எதையும் எழுதி வைத்ததில்லை. அவருக்குத்தான் தெரியுமே, வேறு யாருக்காக எழுத?

கூடத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். அவரே பொத்தானை அழுத்தினார். ஆப்பிரிக்காவில் முதல் பல்பு எரிந்தது.

மனைவி இதைப் பார்த்துப் பதினைந்து வருடம் இருக்கும். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது பார்த்தது. அப்போது மகளுக்கு ஒன்றுக்கு வந்ததால் ஆசியாவைத் தாண்டவில்லை.

"நம்மள மாதிரி மனுஷங்க அங்கருந்துதான் கிளம்பினாங்க. அறுபது எழுபதாயிரம் வருஷத்துக்கு முன்னால வெளிய வந்தவங்க வழியிலதான் இந்த மத்ததெல்லாம்." குரல் பழக்கமான தடத்தில் விழுந்தது. "கண்டத்தைக் கடக்கணும்னு ஒருத்தரும் கிளம்பல. ஒருத்தர் வாழ்நாள்ல ஒரு மலை தள்ளி, ஒரு ஆறு தள்ளிப் போயிருப்பாங்க. அவங்க பிள்ளைங்க இன்னும் கொஞ்சம். ஒரு ஆளு தாண்டினது ஒரு பல்புகூட இருக்காது."

"எதுக்குப் போனாங்க?"

அவர் பக்கத்திலிருந்த பலகையைக் காட்டினார். பசி. குளிரும் வறட்சியும். சண்டை. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசை.

மனைவி நான்கையும் நிதானமாகப் படித்தார். "இதுல என்னுது எது?"

பல்பண்ணன் யோசித்தார். நாலாவது என்று சொல்லிவிடலாம், ஆனால் அது சரியில்லை என்று அவருக்கே தெரிந்தது. "உன்னுது இதுல இல்ல."

"அப்ப கீழ கொஞ்சம் இடம் விடுங்க. நல்லாச் செஞ்ச வேலையைப் பரவால்லன்னு சொல்லிட்டாங்க, அதனால கிளம்பிட்டாங்கன்னு எழுதணும். அந்தக் காலத்துலயும் எவளாவது ஒருத்தி கல்லுல நல்ல கத்தி செஞ்சு வச்சிருப்பா. தலைவரோட அண்ணன் மகன் வந்து பரவால்லன்னிருப்பான்."

பல்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி சிரிக்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. சுவரில் பல்புகள் கரையோரமாகக் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தன. முப்பத்தொன்று எரிந்தது. முப்பத்திரண்டாவது எட்டி, ஒரு சாண் நீலத்துக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் விளிம்பில் எரிந்தது.

"மத்ததெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கு. இங்க மட்டும் ஏன் இவ்ளோ இடைவெளி?"

"அது கடல். பனிக்காலத்துல தண்ணியெல்லாம் பனிக்கட்டியா நின்னுபோனதால கடல் நானூறு அடிகூட இறங்கியிருந்துச்சு. நிறையத் தீவு கரையோட ஒட்டிக்கிச்சு. வடக்க பாரு, ஆசியாவுலருந்து அமெரிக்காவுக்கே தரை கிடைச்சிடுச்சு. ஆனா இந்த இடத்துல எவ்வளவு இறங்கினாலும் கடல் கடல்தான். படகு கட்டித்தான் போகணும்."

"அக்கரை தெரியுமா?"

"சில இடத்துல தெரிஞ்சிருக்கும். சில இடத்துல தெரிஞ்சிருக்காது. தூரத்துல காட்டுத்தீப் புகையைப் பாத்திருக்கலாம், பறவை போற திசையைப் பாத்திருக்கலாம். யாருக்கும் நிச்சயமாத் தெரியல."

"தெரியாமலேவா போனாங்க? தனியாளா?"

"தனியாப் போனவங்க இருந்திருக்கலாம். ஆனா அவங்க அங்க நிலைச்சிருக்க மாட்டாங்க. ஆம்பளை பொம்பளைன்னு நூத்துக்கணக்குல சேந்து போயிருந்தாத்தான் வம்சம் நின்னிருக்கும்னு கணக்குப் போட்டுச் சொல்றாங்க. தனியாப் போனவங்க கதை அந்தத் தலைமுறையோட…"

இதை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். வாக்கியம் நாக்கில் இருந்தது, 'முடிஞ்சிடும்' என்கிற ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அதைச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டார். சுவரில் பல்புகள் அவருக்காகக் காத்திருக்காமல் ஏறிப்போய்க்கொண்டிருந்தன.

மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தரைப்பாலத்தில் பல்பு எரிந்தது, அமெரிக்கா மேலிருந்து கீழே எரிந்துகொண்டு வந்தது.

"நான் போகப்போற ஊரு இதுல எங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"ஐம்பத்தெட்டு."

"பட்டுன்னு சொல்றீங்க?"

"அடிக்கடி ஃபியூஸ் போற பல்பு. ஒன்பது தடவை மாத்தியிருக்கேன்."

"நான் போற இடம்தான் அப்படி அமையணும்" என்றார் மனைவி. எழுபத்திரண்டாவது பல்பும் எரிந்து சுவர் முழுக்க வெளிச்சமாக நின்றது. சாப்பாட்டு டப்பாவை அவர் கையில் கொடுத்தார். "வயர்தான் மாறிச்சுன்னு நம்புறேன். படிவத்துல கூட வர்றவங்கன்னு ஒரு கட்டம் இருக்கு. இல்லைன்னு எழுதிட்டேன். நாளைக்குக் காலைல குடுத்துடுவேன். உங்களைத் திட்டணும்னு வரல, சாப்பிடுங்க."

அவர் போன பிறகு பல்பண்ணன் டப்பாவைத் திறந்தார், மூடினார். மத்தியானம் ஒரு குடும்பம் வந்து பொத்தானை அழுத்தியது. பல்புகள் சரியான பக்கம் ஓடின. முப்பத்தொன்றுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவில் அவர் விளக்கம் சொல்லாமல் விட்டுவிட்டார். நாலு மணிக்குக் காப்பாட்சியர் அம்மாவின் அறைக்குப் போய், ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பல்பண்ணன் இதற்கு முன் அப்படி அனுமதி கேட்டதே இல்லை.

மனைவி வீட்டுக்கு வந்தபோது ஆறரை மணி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே டங் டங் என்று சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு போனார்.

முன்னறைச் சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். அதன் உச்சியில், விரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. தரையெல்லாம் காரை உதிர்ந்து கிடந்தது. பல்பண்ணன் பழைய இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் அந்த மூன்று அங்குல ஆணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் நேராக நின்ற ஆணி, பிடுங்குகிறபோது வளைந்துவிட்டது போலிருக்கிறது. கட்டைவிரலில் ஒரு அடி வாங்கியிருந்தார், நகம் கறுத்திருந்தது. கடிகாரம் பக்கத்தில் தரையில் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"ஆணி."

"அது தெரியுது. எதுக்குப் பிடுங்கினீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "அங்க போனதும் முதல்ல இதைத்தான் அடிக்கணும். அப்புறம்தான் மத்தது. எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

மனைவி நின்ற இடத்திலேயே நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுதுவிடக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் காரைத் தூளின் மேலேயே உட்கார்ந்தார்.

"பயமா இருக்கு எனக்கு" என்றார் பல்பண்ணன், ஆணியைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கும்தான். எனக்கு இல்லைன்னா நினைச்சீங்க?"

பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். 'இல்லை' என்று எழுதியிருந்த அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் திரும்பப் போட்டார். அதன் கீழிருந்து இன்னொரு படிவம் வந்தது. பெயர், தொழில், வயது எல்லாம் அழகாக நிரப்பி, ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"ரெண்டு வாங்கி வச்சிருந்தியா?" என்றார் பல்பண்ணன்.

"மூணு மாசமா வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்த இஸ்திரிப் பெட்டியின் மேல் தாளை வைத்து அந்தக் கட்டத்தில் 'கணவர்' என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், தரையில் கிடந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஏங்க, விசா வரவே ரெண்டு மாசம் ஆகும்னு சொன்னேனே. அதுவரைக்கும் கடிகாரத்தை எங்க மாட்டுறது?"

பல்பண்ணன் அதை யோசித்திருக்கவில்லை. நேராக்கிய ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். மறுபடி அதே சுவரில் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.